பொதிகையின் ட்ரூரியும் கினபாலுவின் ரோத்ஸ்சைல்டியானமும்: அருகிவரும் இரண்டு செருப்பு ஆர்கிட்கள்

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் ‘மிக அருகிய இனம்’ என்ற ஒரே நிலையில் வைக்கப்பட்டுள்ள இரண்டு செருப்பு ஆர்கிட்களை (கீழிதழ் செருப்பு வடிவில் குழிந்த ஆர்கிட்கள்) இந்த ஆய்வு அருகருகே வைத்துப் பார்க்கிறது. முதலாவது, தமிழ்நாடும் கேரளமும் பங்கிட்டுக்கொள்ளும் அகத்தியமலைத் தொடரில் மட்டும் வளரும் பாஃபியோபெடிலம் ட்ரூரி. இரண்டாவது, போர்னியோ தீவில், மலேசியாவின் சபா மாநிலத்திலுள்ள கினபாலு மலையை ஒட்டி மட்டும் வளரும் பாஃபியோபெடிலம் ரோத்ஸ்சைல்டியானம். இனி வரும் பகுதிகளில் இவற்றை ட்ரூரி என்றும் ரோத்ஸ்சைல்டியானம் என்றும் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன்.

இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியரால் பெயரிடப்பட்டவை. இரண்டும் பல பத்தாண்டுகள் காட்டில் இருக்குமிடம் தெரியாமல் போய், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் மீண்டும் கண்டறியப்பட்டவை. கண்டறியப்பட்டதே இரண்டுக்கும் தீங்காய் முடிந்தது. இவ்வளவு ஒற்றுமை இருப்பதால், ஒன்றுக்குப் பொருந்தும் பாதுகாப்பு முறை மற்றதற்கும் பொருந்தும் என்று எண்ணத் தோன்றும். அந்த எண்ணம் தவறு என்பதே என் முடிவு. பட்டியலில் ஒரே சொல்லால் குறிக்கப்படும் இந்த இரண்டு செடிகளும் வெவ்வேறு வழிகளில் அழிவை நோக்கிச் செல்கின்றன. ஆகவே அவற்றைக் காக்கும் வேலையும் வெவ்வேறாகத்தான் இருக்க முடியும்.

கண்டெடுப்பும் மறைவும்

ட்ரூரியை 1865-இல் திருவிதாங்கூர் மலைகளில் கண்டெடுத்தவர் ஹீபர் ட்ரூரி என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி. சென்னை மாகாண வனத்துறையில் பணியாற்றிய ரிச்சர்டு ஹென்றி பெட்டோம் 1874-இல் அதைச் சிப்ரிபீடியம் பேரினத்தில் சேர்த்து, கண்டெடுத்தவரின் பெயராலேயே வெளியிட்டார். 1892-இல்தான் அது பாஃபியோபெடிலம் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. இந்தியாவின் மற்ற பாஃபியோபெடிலங்கள் எல்லாம் கிழக்கு இமயமலையிலும் வடகிழக்கு மலைகளிலும் வளர்கின்றன. தக்காணத்தில் வேறெங்கும் இப்பேரினம் இல்லை, இலங்கையிலும் இல்லை. தன் உறவினங்களிலிருந்து ஏறத்தாழ ஒரு துணைக்கண்டத்தின் நீளம் விலகி, பொதிகையின் உச்சிச் சரிவுகளில் மட்டும் ட்ரூரி எப்படி எஞ்சியது என்பது தாவரப் புவியியலில் இன்றும் ஆர்வத்தோடு பேசப்படும் கேள்வி. இது அழிந்தால் தென்னிந்தியாவிலிருந்து ஒரு பேரினமே முற்றாக நீங்கிவிடும்.

முதல் சேகரிப்புகளுக்குப் பிறகு இச்செடி நெடுங்காலம் காட்டில் காணப்படவில்லை. அழிந்துவிட்டது என்றே பலரும் கருதினர். 1972-இல் அகத்தியமலைப் பகுதியில் அது மீண்டும் கண்டறியப்பட்டது. அச்செய்தி ஆர்கிட் வளர்ப்போரிடையே பரவியதும் வணிகத்துக்காகச் செடிகள் பெருமளவில் பறிக்கப்பட்டன. நூறாண்டுகள் யாருடைய கண்ணிலும் படாமல் பிழைத்திருந்த ஒரு செடித்தொகை, கண்ணில் பட்ட சில ஆண்டுகளுக்குள் பெரும்பகுதியை இழந்தது.

ரோத்ஸ்சைல்டியானத்தின் கதையில் மறைப்பு திட்டமிட்டே நடந்தது. 1888-இல் ஜெர்மானிய ஆர்கிட் அறிஞர் ரைகன்பாக் இதற்கு ரோத்ஸ்சைல்ட் குடும்பத்துப் பிரபு ஒருவரின் பெயரைச் சூட்டினார். அக்காலத்தில் ஆர்கிட் வணிகர்களுக்கிடையே கடும் போட்டி நிலவியது. புதிய செடி எந்த மலையிலிருந்து வந்தது என்பது வணிக ரகசியமாகவே காக்கப்பட்டது. இச்செடி நியூகினியிலிருந்து வந்ததாகக் குறிப்பிடப்பட்டதால், பின்னால் தேடிச் சென்றவர்கள் வேறொரு தீவில் அலைந்தனர். கினபாலுவின் சரிவுகளில் அது மீண்டும் கண்டறியப்பட்டது 1959-இல்தான். அந்தப் பொய், போட்டியாளர்களை ஏமாற்றுவதற்காகச் சொல்லப்பட்டதே ஆயினும், எழுபது ஆண்டுகள் அச்செடியைச் சேகரிப்பாளர்களிடமிருந்து ஓரளவு காத்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இன்று தாவரவியலாளர்கள் அரிய ஆர்கிட்களின் துல்லியமான இருப்பிடத்தை வெளியிடாமல் விடுவதற்கும் அதே காரணம்தான். வியட்நாமின் வடபகுதியில் 1999-இல் பெயரிடப்பட்ட பாஃபியோபெடிலம் வியட்நாமென்ஸ் சில ஆண்டுகளுக்குள் காட்டிலிருந்து ஏறக்குறைய முழுதும் பறிக்கப்பட்டது. இருப்பிடம் வெளிப்படுவதால் நேரும் கேடு எவ்வளவு விரைவானது என்பதற்கு அது அண்மைக் காலச் சான்று.

செடியும் அது நிற்கும் இடமும்

ட்ரூரி சிறிய செடி. பச்சை நிற இலைகளில் புள்ளியோ கோலமோ இல்லை. ஒரு தண்டில் ஒரு பூ மட்டுமே மலரும். மஞ்சள் நிறப் பூவின் மேற்புல்லி இதழிலும் இரண்டு அல்லி இதழ்களிலும் நடுவே கருஞ்சிவப்புக் கோடு ஒன்று ஓடும். இந்த மூன்று கோடுகளைக் கொண்டே இதை வேறெந்தச் செருப்பு ஆர்கிட்டிலிருந்தும் பிரித்தறியலாம். ஆனால் பாதுகாப்பு நோக்கில் பூவைவிட முக்கியமானது மண்ணுக்குள் இருக்கிறது. பெரும்பாலான பாஃபியோபெடிலங்கள் நெருக்கமான கொத்தாக வளரும்போது, ட்ரூரியின் மட்டநிலத்தண்டு நீண்டு ஊர்ந்து, தாய்க்குருத்திலிருந்து விலகியே அடுத்த குருத்தை எழுப்புகிறது.

இதன் விளைவு எண்ணிக்கையில் தெரியும். ஒரு புல்சரிவில் இருபது குருத்துகள் தெரிந்தால் அவை இருபது தனிச்செடிகளாக இருக்கலாம், ஒரே விதையிலிருந்து பிறந்து ஊர்ந்து பரவிய ஒரே செடியின் இருபது கிளைகளாகவும் இருக்கலாம். கண்ணால் எண்ணும் கணக்கெடுப்பு இந்த இரண்டையும் பிரிக்காது. ஆகவே ட்ரூரியின் கணக்கெடுப்பில் குருத்துகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து நிம்மதி அடைவது ஆபத்து. மரபணு ஒப்பீடு சேர்ந்தால்தான் உண்மையில் எத்தனை உயிர்கள் எஞ்சியுள்ளன என்பது தெரியும். ரோத்ஸ்சைல்டியானத்தில் இந்தக் குழப்பம் குறைவு. அது கொத்தாக வளர்வதால் ஒரு கொத்தைப் பெரும்பாலும் ஒரு செடியாகக் கொள்ளலாம்.

ட்ரூரி ஏறத்தாழ 1,400 முதல் 1,600 மீட்டர் உயரத்தில், மரநிழல் இல்லாத புல்சரிவுகளில், பாறை இடுக்குகளில் வேர்விட்டு நிற்கிறது. நிழலை விரும்பும் இப்பேரினத்தில் இப்படி வெயிலில் நிற்பது அபூர்வமானது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் அம்மலையை நனைக்கின்றன என்றாலும், ஆண்டின் தொடக்க மாதங்களில் புல் காய்ந்து விடுகிறது. காய்ந்த புல்லில் பிடிக்கும் தீ, ஆழமில்லாத மண்ணில் ஊர்ந்து கிடக்கும் மட்டநிலத்தண்டைக் கருக்கிவிடக்கூடியது. பறிப்போர் வராத ஆண்டிலும் ட்ரூரிக்குப் பாதுகாப்பில்லை என்பதற்கு இதுவே காரணம்.

மேலும் ஒன்று. அகத்தியமலையின் உச்சி 1,868 மீட்டர். வெப்பம் உயர்வதால் செடிகள் மேல்நோக்கி நகர வேண்டிய நிலை வந்தால், ட்ரூரிக்கு மேலே எஞ்சியிருப்பது சில நூறு மீட்டர்களே. அந்த உயரத்தில் மலையின் பரப்பும் சுருங்கி விடுகிறது.

ரோத்ஸ்சைல்டியானம் இதற்கு நேர்மாறாகப் பெருஞ்செடி. அதன் இலைகள் அரை மீட்டர் நீளத்துக்கு மேலும் வளரும். ஒரே பூந்தண்டில் பல பூக்கள் அடுத்தடுத்து நிற்கும். கருஞ்சிவப்புக் கோடுகளும் புள்ளிகளும் கொண்ட அல்லி இதழ்கள் இருபுறமும் கிடைமட்டமாக நீண்டு, பூவின் அகலத்தைச் சில செடிகளில் முப்பது சென்டிமீட்டர் அளவுக்கே கொண்டுசெல்லும். கினபாலு 4,095 மீட்டர் உயரமுள்ள மலை. இச்செடி வளர்வதோ ஏறத்தாழ 600 முதல் 1,200 மீட்டர் வரையிலான தாழ்சரிவுகளில். மேலே ஏற இடம் ஏராளம் என்று தோன்றினாலும் அது முழு உண்மையன்று. இச்செடி விரும்புவது நிக்கலும் மக்னீசியமும் மிகுந்து, கால்சியம் குறைந்த ஒருவகைப் பாறை மண்ணை. அத்தகைய மண் கினபாலுவில் தொடர்ச்சியாகப் பரவியிருக்கவில்லை, திட்டுத்திட்டாகவே இருக்கிறது. ஆகவே இங்கே எல்லையை வகுப்பது மலையின் உயரத்தைக் காட்டிலும் மண்ணின் தன்மை.

செங்குத்தான சரிவுகளும் பாறைத் திட்டுகளும் அதற்கு ஓரளவு அரணாக இருந்தன. ஆனால் செங்குத்துச் சரிவு நிலச்சரிவுக்கும் உரிய இடம். 2015 ஜூன் 5 அன்று சபாவைத் தாக்கிய நிலநடுக்கம் கினபாலுவில் பாறைச் சரிவுகளை உண்டாக்கி மலையேறிகள் பலரின் உயிரைப் பறித்தது. சில இடங்களில் மட்டும் எஞ்சியுள்ள ஓர் இனத்துக்கு இத்தகைய ஒரே நிகழ்வு எவ்வளவு பெரிய இழப்பைத் தரக்கூடும் என்பதைப் பாதுகாப்புத் திட்டம் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஈயும் பூவும்

ரோத்ஸ்சைல்டியானத்தின் மகரந்தச் சேர்க்கை, ஆர்கிட் உலகில் நுட்பமாக ஆராயப்பட்ட நிகழ்வுகளுள் ஒன்று. அமெரிக்கத் தாவரவியலாளர் ஜான் அட்வுட் கினபாலுவில் நேரில் கவனித்து 1985-இல் அதை வெளியிட்டார். செருப்பு ஆர்கிட்களில் தேன் கிடையாது. பூவின் நடுவே மலட்டு மகரந்தத்தாள் ஒன்று கேடயம்போல் நிற்கும். ரோத்ஸ்சைல்டியானத்தில் அதன்மேலுள்ள முடிகளும் புள்ளிகளும், செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சிகளான அசுவினிகளின் கூட்டத்தைப்போல் தோற்றம் அளிக்கின்றன. சிர்பிட் ஈக்களின் இளம்புழுக்கள் அசுவினிகளைத் தின்று வளர்பவை. ஆகவே கருவுற்ற பெண் ஈ முட்டையிட அசுவினிகள் உள்ள இடத்தைத் தேடி வருகிறது. திடியோப்சிஸ் ஏக்ரோட்டா என்ற சிர்பிட் ஈ இந்தப் போலிக் கூட்டத்தை நம்பி அங்கேயே முட்டையிடுகிறது. அப்போது வழுக்கிச் செருப்பு வடிவ இதழுக்குள் விழுகிறது. வழவழப்பான உட்சுவரில் வந்த வழியே ஏற முடியாத ஈ, பின்புறமுள்ள முடிகளைப் பற்றி ஏறி, முதலில் சூல்முடியின் அடியிலும் பிறகு மகரந்தப்பையின் அருகிலும் உரசிக்கொண்டு சிறு இடைவெளி வழியே வெளியேறுகிறது. ஒட்டும் தன்மையுள்ள மகரந்தம் அதன் முதுகில் பற்றிக்கொள்கிறது. அதே ஈ இன்னொரு பூவிலும் ஏமாந்தால் மட்டுமே விதை உண்டாகும். பூவில் இட்ட முட்டைகளிலிருந்து வரும் புழுக்களுக்கு உணவில்லை.

இவ்வளவு நீளமாக இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த ஏற்பாடு அருகருகே பல செடிகள் ஒரே பருவத்தில் பூத்திருந்தால்தான் நன்கு நடைபெறும். செடிகள் ஒன்றுக்கொன்று விலகி, சிலவே எஞ்சும்போது, ஓர் ஈ அடுத்தடுத்து இரு செடிகளுக்குச் செல்லும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. செடி உயிரோடிருக்கும், ஆண்டுதோறும் பூக்கும், ஆனால் காய்க்காது. பூவைப் படமெடுத்துச் செல்பவருக்கு அது செழிப்பாகவே தெரியும். விதையிலிருந்து முளைத்த செடி பூப்பதற்கே பத்தாண்டு அளவில் ஆகக்கூடிய இனத்தில், முதிர்ந்த ஒரு செடியைப் பிடுங்குவது வரப்போகும் பல பருவங்களின் விதையையும் சேர்த்துப் பிடுங்குவதாகும்.

ட்ரூரியில் ஒரு குருத்துக்கு ஒரு பூ என்பதால் ஒரு பருவத்தில் கிடைக்கும் வாய்ப்பு இன்னும் குறைவு. ஆனால் அது விதையை மட்டும் நம்பியிருக்கவில்லை. ஊர்ந்து பரவும் தண்டு, காய்க்காத ஆண்டுகளிலும் அதைத் தாங்கி நிற்கிறது. மேலும், ரோத்ஸ்சைல்டியானத்தைப் போல் அவ்வளவு நீண்ட காலம் காத்திராமல் அது பூக்கும் பருவத்தை எட்டுகிறது. இழப்பிலிருந்து மீளும் திறன் அதற்குச் சற்றே கூடுதல் என்பது என் மதிப்பீடு. தீயையும் பறிப்பையும் தடுக்க முடிந்தால் மட்டுமே அந்தத் திறனால் பயனுண்டு.

சட்டமும் சந்தையும்

காகிதத்தில் இரண்டுக்கும் வலுவான பாதுகாப்பு இருக்கிறது. 1990 முதல் பாஃபியோபெடிலம் பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்பில் உள்ளது. காட்டிலிருந்து எடுத்த செடியைப் பன்னாட்டு வணிகத்தில் விற்பதற்கு அது தடை விதிக்கிறது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-இல் செய்யப்பட்ட திருத்தம் ஆறு தாவரங்களுக்குத் தனி அட்டவணை அமைத்தது. நீல வாண்டா, சிவப்பு வாண்டா, குடுவைத் தாவரம் ஆகியவற்றோடு செருப்பு ஆர்கிட்களும் அதில் இடம்பெற்றன. 2022 திருத்தத்துக்குப் பின்னும் அந்தப் பாதுகாப்பு வேறொரு அட்டவணையில் தொடர்கிறது. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகமும், கேரளத்தின் நெய்யாறு, பேப்பாறை சரணாலயங்களும் அகத்தியமலையைச் சூழ்ந்துள்ளன. 2016-இல் அகத்தியமலை யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பக வலையமைப்பில் சேர்ந்தது. கினபாலு பூங்கா 1964-இல் அமைக்கப்பட்டு 2000-இல் உலக மரபுரிமைத் தளமானது.

சந்தை வேறு திசையில் செல்கிறது. பாஃபியோபெடிலங்களைத் திசு வளர்ப்பின் மூலம் பெருக்குவது மிகக் கடினம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஃபலனாப்சிஸ் ஆர்கிட்களைப்போல் ஒரே செடியை ஆயிரக்கணக்கில் நகலெடுக்க முடியாததால், ஒவ்வொரு செடியும் விதையிலிருந்தே வர வேண்டும். நிறத்திலும் அளவிலும் தனித்து நிற்கும் காட்டுச்செடி ஒன்றைப் பெற்று, அதைத் தாயாகக் கொண்டு புதிய வரிசைகளை உருவாக்க வளர்ப்பாளர்கள் நெடுங்காலம் முனைந்ததற்கு இதுவே காரணம்.

இன்று ரோத்ஸ்சைல்டியானம் நாற்றுப்பண்ணைகளில் விதை வழியே பெருமளவில் வளர்க்கப்பட்டு, சட்டப்படி விற்கப்படுகிறது. அப்படியிருந்தும் ‘உலகின் விலையுயர்ந்த பூ’ என்று அதை ஆயிரக்கணக்கான டாலர் விலையோடு காட்டும் பட்டியல்கள் இணையத்தில் ஓயாமல் சுற்றுகின்றன. அவை தவறான தகவல் என்பதோடு தீங்கானவையும்கூட. பண்ணையில் வளர்ந்த செடி சாதாரண விலைக்குக் கிடைக்கும்போது, காட்டுச்செடிக்கு அளவற்ற மதிப்புண்டு என்று மலையடிவாரத்திலுள்ள ஒருவரை நம்பவைப்பது, அவரைக் குற்றத்தை நோக்கித் தள்ளுவதாகும். ஆர்கிட் ஆர்வலர்கள் இத்தகைய பட்டியல்களைப் பகிராமல் இருக்க வேண்டும் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

திருப்பி நடுதல்

‘பண்ணைகளில் ஆயிரக்கணக்கில் இருக்கிறதே, அதைக் கொண்டுபோய் மலையில் நட்டால் போதாதா’ என்ற கேள்வி எப்போதும் எழுகிறது. ரோத்ஸ்சைல்டியானத்தில் இது வெறும் கேள்வியாக நிற்கவில்லை. வளர்க்கப்பட்ட நாற்றுகளைச் சபாவில் மீண்டும் நடும் முயற்சி 1980-களிலேயே மேற்கொள்ளப்பட்டது. அகத்தியமலையின் அடிவாரத்தில், பாலோட்டிலுள்ள ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டமும் ஆய்வு நிறுவனமும் ட்ரூரி உள்ளிட்ட அரிய ஆர்கிட்களை ஆய்வகத்தில் வளர்க்கும் பணியில் ஈடுபட்டு வந்துள்ளது. ஆர்கிட் விதையில் சேமித்த உணவு இல்லை. காட்டில் உரிய பூஞ்சை கிடைத்தால்தான் அது முளைக்கும். ஆய்வகத்தில் சர்க்கரை கலந்த ஊட்ட ஊடகம் பூஞ்சைக்குப் பதிலாக நிற்கிறது. நாற்று அங்கே வளர்ந்துவிடும் என்றாலும், பாறை இடுக்கில் நடப்பட்டபின் அதன் வேரில் உரிய பூஞ்சை சேர்ந்தாக வேண்டும்.

என் கவலை இதற்கும் முந்தையது. பண்ணையில் உள்ள ரோத்ஸ்சைல்டியானங்கள் பல தலைமுறைகளாகப் பெரிய பூ, அகன்ற மேற்புல்லி, அடர்ந்த நிறம் ஆகியவற்றுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. கண்காட்சி மேடையில் பரிசு வாங்கும் பூ, கினபாலுவின் ஈயை ஏமாற்றும் பூவாகவும் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ட்ரூரியில் வேறொரு சிக்கல் உண்டு. மஞ்சள் நிறத்துக்காக அது கலப்பினங்களுக்குத் தாயாகப் பயன்பட்டிருப்பதால், தோட்டத்தில் அப்பெயரில் இருக்கும் செடியின் தூய்மையைச் சோதிக்காமல் மலைக்குக் கொண்டுசெல்லவே கூடாது. இரண்டு இனங்களிலும், திருப்பி நடும் நாற்று அதே மலையில் நிற்கும் செடிகளின் விதையிலிருந்து, அதுவும் வெவ்வேறு செடிகளை ஒன்றோடொன்று கைமுறையாகச் சேர்க்கை செய்து பெற்ற விதையிலிருந்து வர வேண்டும்.

இதைச் செய்யும் முறையில்தான் இரண்டும் பிரிகின்றன. ரோத்ஸ்சைல்டியானத்தில் முதல் வேலை, எஞ்சியுள்ள ஒவ்வொரு முதிர்ந்த செடியையும் பெயரிட்டுக் காவல் காப்பது. இரண்டாவது, பூக்கும் பருவத்தில் தொலைவிலுள்ள செடிகளுக்கிடையே மகரந்தத்தைக் கைமுறையாக மாற்றுவது. போரிங் வெந்நீர் ஊற்றுப் பகுதியில் பூங்காவின் ஆர்கிட் பாதுகாப்பு மையம் இருப்பதால் நாற்று வளர்க்க மலையைவிட்டு வெளியே செல்ல வேண்டியதில்லை. ட்ரூரிக்கு முதல் வேலை தீக்காப்பு. புல் காயத் தொடங்குவதற்கு முன், தெரிந்த ஒவ்வொரு திட்டையும் சுற்றித் தீத்தடுப்புப் பட்டை அமைக்க வேண்டும். அதேவேளை புல்வெளி முழுவதும் புதரும் மரமும் மூடிவிடாமல் பார்க்க வேண்டும், ஏனெனில் அடர்நிழல் இச்செடிக்கு உகந்ததன்று. மலையை நன்கறிந்த காணிப் பழங்குடி மக்களைத் தீக்காவலிலும் செடிக் கண்காணிப்பிலும் ஊதியம் பெறும் பணியாளர்களாகச் சேர்ப்பது நல்லது. ஆரோக்கியப்பச்சை மூலிகையில் காணி மக்களின் அறிவுக்கு உரிய பங்கை வழங்கிய முன்னனுபவம் பாலோடு நிறுவனத்துக்கு ஏற்கெனவே உண்டு.

ட்ரூரியின் பரவல் மாநில எல்லையை மதிப்பதில்லை. எல்லைக்கோடு மலைமுகட்டின் வழியே செல்கிறது. ஆனால் கணக்கெடுப்பும் அனுமதியும் இரண்டு வனத்துறைகளின் கையில் தனித்தனியே உள்ளன. தமிழ்நாட்டுச் சரிவில் நிற்கும் செடியின் மகரந்தத்தைக் கேரளச் சரிவில் நிற்கும் செடிக்குக் கொண்டுசெல்ல வேண்டுமானால் இரு மாநில அனுமதியும் அந்தப் பூ வாடுவதற்குள் கிடைத்தாக வேண்டும். ஆகவே பூக்கும் பருவத்துக்கு முன்பே, இரு வனத்துறைகளும் பாலோடு நிறுவனமும் இணைந்து, மரபணு மாதிரி, மகரந்தம், விதைக்காய் ஆகிய மூன்றையும் உள்ளடக்கிய ஒரே அனுமதியைப் பல ஆண்டுகளுக்கு வழங்குவதே இப்போது உடனடியாகச் செய்யக்கூடியது. அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.